மலைப்பில் பிறக்கும் அச்சம்: ‘ஓவர்ஆ’ என்ற சொல்லைப் புரிந்துகொள்ளவும் தமிழில் எழுதவும் ஒரு முழுமையான வழிகாட்டி

உயர்ந்த கூரையும் அகன்ற தூண்களும் உள்ள ஒரு மண்டபத்தில், மேடைமேல் அமர்ந்திருப்பவர் முன் முதன்முறையாகப் போய் நிற்கும் ஒருவர், வீட்டில் பத்து முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த நான்கு வாக்கியங்களில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியாமல், கேட்ட கேள்விக்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறார். அவரை யாரும் அதட்டவில்லை. மேடையில் இருந்தவர் ஒருவேளை புன்னகைத்துக்கூட இருக்கலாம். ஆனாலும் அவர் ஒடுங்கிப்போனார். ஆங்கிலத்தில் இந்த நிலையைச் சொல்ல ‘ஓவர்ஆ’ (overawe) என்று ஒரு வினைச்சொல் உண்டு. இருமொழி அகராதிகளைப் புரட்டினால் ‘அச்சுறுத்து’, ‘பயமுறுத்தி அடக்கு’ போன்ற பொருள்கள் கிடைக்கின்றன. அவை தவறானவை அல்ல. ஆனால் மேலே சொன்ன மனிதரை யாரும் அச்சுறுத்தவில்லையே என்ற கேள்விக்கு அவற்றில் விடை இல்லை.

இந்தச் சொல்லின் பொருளைச் சரியாகப் பிடிப்பதும், இடத்துக்கு ஏற்ற தமிழை அதற்குத் தேர்ந்தெடுப்பதும் எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்றைய உரைநடைத் தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் தேடுவது வீண். மலைப்பு ஒன்று, அதன் விளைவான ஒடுக்கம் ஒன்று என இரண்டையும் வாக்கியத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் பொருள் தானாகவே அமைந்துவிடும்.

முதல் படி: சொல்லைப் பிரித்துப் பார்த்தல்

‘ஓவர்’ என்பது மேலிருந்து அழுத்துவதைக் குறிக்கும் முன்னொட்டு. ‘ஆ’ (awe) என்ற பகுதிதான் கவனிக்க வேண்டியது. ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த இச்சொல்லின் தொடக்கப் பொருள் வெறும் பயம், திகில் என்பதே. கடவுளுக்கு முன் மனிதன் கொள்ளும் அச்சத்துக்கு அதை ஆளத் தொடங்கியபின், அச்சத்தோடு மரியாதையும் வியப்பும் மெல்லக் கலந்தன. காலப்போக்கில் வியப்பே மேலோங்கிவிட்டது. இன்று இளைஞர்கள் எதற்கெடுத்தாலும் சொல்லும் ‘ஆசம்’ (awesome) என்ற பாராட்டும், மோசமானதைச் சொல்லும் ‘ஆஃபுல்’ (awful) என்ற சொல்லும் இந்த ஒரே வேரில் கிளைத்தவை. இரண்டுமே ஒரு காலத்தில் அச்சம் தருவது என்ற பொருளில் வழங்கியவை. ஒன்று நல்ல பக்கத்துக்கும் மற்றது கெட்ட பக்கத்துக்கும் போய்விட்டன.

இந்தப் பங்கீட்டில் ‘ஓவர்ஆ’ மட்டும் எந்தப் பக்கமும் சாயவில்லை. 16ஆம் நூற்றாண்டில் உருவான இந்த வினை, வேர்ச்சொல் இழந்துவிட்ட பழைய அச்சத்தையும், பின்னர் வந்து சேர்ந்த வியப்பையும் சேர்த்தே சுமக்கிறது. ஆகவே ‘வியக்கவை’ என்று மட்டும் மொழிபெயர்த்தால் அச்சம் விடுபட்டுவிடும். ‘அச்சுறுத்து’ என்று மட்டும் மொழிபெயர்த்தால் வியப்பு விடுபட்டுவிடும்.

இரண்டாம் படி: மூன்று கேள்விகள்

ஒரு காட்சிக்கு இந்தச் சொல் பொருந்துமா என்று ஐயம் வந்தால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். அச்சத்தை உண்டாக்கியது எது? தீங்கு செய்வேன் என்று யாராவது சொன்னார்களா? அச்சப்பட்டவர் அதன் விளைவாக எதைச் செய்யாமல் விட்டார், அல்லது எதற்கு இணங்கினார்?

முதல் கேள்விக்கு அளவு, ஆற்றல், புகழ், பதவி, அறிவு, அழகு, ஆடம்பரம் போன்ற ஏதாவதொரு மேன்மை விடையாக வர வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் ‘இல்லை’ என்ற விடை வர வேண்டும். மூன்றாவது கேள்விக்கு ஏதாவதொரு விடை கட்டாயம் இருக்க வேண்டும். பேச்சு நின்றுபோனது, எதிர்ப்பு கரைந்துபோனது, கேட்க வந்ததைக் கேட்காமல் திரும்பியது என்று ஏதேனும் ஒரு பின்வாங்கல் தெரிய வேண்டும். மலையுச்சியில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்து வாய்பிளந்தவர் வியந்தார், அவ்வளவுதான். அதே மலையைப் பார்த்துவிட்டு ஏறாமலே திரும்பியவரைத்தான் மலை ஒடுக்கிவிட்டது.

எல்லைக்கோட்டில் நிற்கும் ஓர் எடுத்துக்காட்டையும் பார்த்துவிடலாம். 1853 ஜூலையில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி மேத்யூ பெர்ரி நான்கு போர்க்கப்பல்களுடன் ஜப்பானின் எடோ (இன்றைய டோக்கியோ) வளைகுடா வாயிலுக்கு வந்து நின்றார். அவற்றுள் இரண்டு நீராவிக் கப்பல்கள். காற்றின் தயவில்லாமல், கரும்புகை கக்கியபடி வந்த அந்த உருவங்களைத் தங்கள் கரைக்கு அவ்வளவு அருகில் கண்டவர்கள் ‘கறுப்புக் கப்பல்கள்’ என்று பெயரிட்டனர். அடுத்த ஆண்டு இன்னும் பெரிய அணியுடன் அவர் திரும்பி வந்தபோது, போர் எதுவும் நடக்காமலே, ஜப்பானியத் துறைமுகங்களை அமெரிக்கக் கப்பல்களுக்குத் திறந்துவிடும் கனகாவா உடன்படிக்கை 1854 மார்ச் 31 அன்று கையெழுத்தானது. இதில் மிரட்டல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பீரங்கிகள் விருந்தாடுவதற்காக வரவில்லை. ஆயினும் இணங்கவைத்ததில் பெரும்பங்கு சுடப்படாத பீரங்கிகளுக்கும், அதுவரை கண்டிராத இயந்திரத்தின் தோற்றத்துக்கும் உரியது. வரலாற்று நூல்களில் இந்தச் சொல் மிகுதியாக வருவது இத்தகைய இடங்களில்தான்: படையைக் காட்டுவார்கள், படையால் அடிக்கமாட்டார்கள்.

1996இல் ஹார்லன் உல்மன், ஜேம்ஸ் வேட் ஆகிய அமெரிக்கர்கள் இதற்கு நெருக்கமான எண்ணத்தை ஒரு போர்க் கோட்பாடாக எழுதினார்கள். 2003இல் இராக் மீதான தாக்குதலின்போது ‘ஷாக் அண்ட் ஆ’ (shock and awe) என்ற பெயரில் அது உலகமெங்கும் பேசப்பட்டது. அதை ‘அதிர்ச்சியும் வியப்பும்’ என்று நேருக்கு நேர் பெயர்த்தால், குண்டு விழும் நகரத்தில் மக்கள் வியந்துகொண்டு நிற்பதைப் போன்ற விபரீதமான பொருள் வந்துவிடும். அங்கே ‘ஆ’ என்பதற்கு, எதிர்க்கும் எண்ணமே எழாதபடி மனத்தை மலைக்கச் செய்து முறித்தல் என்று பொருள்.

மூன்றாம் படி: பழந்தமிழ் இதை எங்கே வைத்திருக்கிறது

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்பட்டுத் தெரியும் உணர்ச்சிகளை, சொல்கிறது. அவற்றுள் மருட்கையும் அச்சமும் தனித்தனியானவை. மருட்கை என்பது இன்றைய வியப்பு. அது ‘புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு மதிமை சாலா’ நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்கிறது நூற்பா. ‘மதிமை சாலா’ என்ற அடையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கண்ட பொருளை அளந்து முடிக்க அறிவு போதாமல் தடுமாறும்போதுதான் மருட்கை பிறக்கிறது. 2003இல் டாக்கர் கெல்ட்னர், ஜொனாதன் ஹைட் என்ற இரு உளவியலாளர்கள் இந்த உணர்ச்சியை ஆராய்ந்து, அதற்கு இரண்டு கூறுகள் இன்றியமையாதவை என்று எழுதினர். ஒன்று, எதிரே இருப்பதன் பெருமை. மற்றது, இதுவரை அறிந்தவற்றுக்குள் அதை அடக்க முடியாமல் மனம் தன்னை மாற்றியமைத்துக்கொள்ள வேண்டிய நெருக்கடி. பெருமை, மதிமை சாலாமை என்ற இரண்டு சொற்களையும் அருகில் வைத்துப் பார்த்தால் உண்டாகும் ஒற்றுமை, தமிழ் படித்தவர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடியது.

அச்சத்துக்கும் நான்கு காரணங்களைத் தொல்காப்பியர் தருகிறார்: ‘அணங்கே விலங்கே கள்வர்தம் இறை’. இந்த நான்கும் ஒரே தன்மையானவை அல்ல என்பது என் வாசிப்பு. விலங்கும் கள்வரும் உடலுக்கும் உடைமைக்கும் தீங்கு செய்வார்கள் என்பதால் அஞ்சப்படுபவர்கள். அணங்கும் இறையும் அப்படியல்ல. தெய்வத்தன்மை கொண்ட அணங்கின் முன்னும், தம்மை ஆளும் இறையின் முன்னும், அடி விழும் முன்பே மனம் தாழ்ந்துவிடுகிறது. ‘ஓவர்ஆ’ குறிக்கும் உணர்ச்சி இந்த இரண்டிடத்திலும் இருக்கிறது. புலியைக் கண்டு ஓடியவரைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல் பொருந்தாது. அரசவையில் நாக்கு எழாமல் நின்றவரைப் பற்றி எழுதும்போது பொருந்தும்.

வினைச்சொல்லாகவே ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு உரியியலில் ஒரு திறவுகோல் கிடக்கிறது. ‘உரு உட்கு ஆகும்’ என்கிறது தொல்காப்பியம். இங்கே உரு என்பதற்கு வடிவம் என்று பொருளில்லை. காண்பவரை உட்கச் செய்யும் தன்மை என்று பொருள். பட்டினப்பாலையில் கரிகாலன் பெற்ற அரசுரிமையை ‘உருகெழு தாயம்’ என்று புலவர் சொல்லும்போது, அந்த அரசுரிமையே பார்ப்பவரை அஞ்சச் செய்யும் பெருமை உடையது என்று சொல்கிறார். உட்கு என்பது இந்த அச்சத்தின் பெயர். உட்குதல் அதன் வினை.

இந்த வினையின் முழு அழகையும் 1088ஆம் குறளில் காணலாம்:

‘ஒண்ணுதற் கோஒ உடைந்ததே ஞாட்பினுள்
நண்ணாரும் உட்குமென் பீடு.’

காதலன் ஒருவன் சொல்வது இது. நண்ணார் என்பதற்குக் களத்தில் இவனை எதிர்கொள்ளாதவர் என்றே உரையாசிரியர் பரிமேலழகர் பொருள் கொள்கிறார். போரிட்டவர்கள் சொல்லக் கேட்டே அவர்கள் இவன் வலிமைக்கு அஞ்சுகிறார்கள். வாள் ஓங்கப்படவில்லை, பெயரே போதுமானதாக இருந்தது. அப்படிப்பட்ட பீடு ஒரு பெண்ணின் ஒளிபொருந்திய நெற்றிக்கு முன் உடைந்துவிட்டது என்று அவன் புலம்புகிறான். பிறரை உட்கவைத்தவன் தானே உட்கிப்போகிறான். முதல் ஒடுக்கம் வலிமையால் வந்தது, இரண்டாவது அழகால் வந்தது. இரண்டிலும் மிரட்டல் இல்லை.

ஆனால், உட்கு என்ற சொல்லை இன்றைய செய்திக் கட்டுரையில் போட்டால் வாசகர் நின்றுவிடுவார். வரலாற்றுப் புதினம், கவிதை, இலக்கியக் கட்டுரை ஆகியவற்றில் ‘கண்டார் உட்கும் தோற்றம்’ என்று எழுதலாம். அது கம்பீரமாகவே இருக்கும். பிற இடங்களுக்கு இன்று புழங்கும் சொற்களைத் தேட வேண்டும்.

நான்காம் படி: இன்றைய சொற்களை எடைபோடுதல்

‘மிரட்டு’ என்பதிலிருந்து தொடங்கலாம். மிரளுதல் முதலில் மாடும் குதிரையும் செய்வது. எழுத்து வழக்கில் மிரட்டல் என்றால் தீங்கு செய்வேன் என்ற எச்சரிக்கை. கொலை மிரட்டல், வெடிகுண்டு மிரட்டல் என்ற தொடர்கள் அந்தப் பொருளை இறுக்கிவிட்டன. ஆகவே முறையான உரைநடையில் ‘ஓவர்ஆ’ என்பதற்கு மிரட்டு என்று எழுதினால், இல்லாத ஒரு குற்றத்தை ஒருவர்மேல் சுமத்தியதாகிவிடும். வேடிக்கை என்னவென்றால், பேச்சுவழக்கும் திரை விமர்சனமும் வேறு பாதையில் போய்விட்டன. ‘நடிப்பில் மிரட்டியிருக்கிறார்’ என்று ஒருவர் சொன்னால், அந்த நடிகர் யாரையும் பயமுறுத்தவில்லை, பார்த்தவர்கள் மலைத்துப்போனார்கள். வியப்பும் அச்சமும் ஒரே சொல்லில் மறுபடி கலந்திருக்கும் இந்த வழக்கு, மொழி தன் தேவையைத் தானே தீர்த்துக்கொள்ளும் விதத்துக்கு நல்ல சான்று. ஆயினும் அதில் ஒடுக்கம் இல்லை, கைதட்டல்தான் இருக்கிறது.

‘மருட்டு’ என்பது மருள் என்பதன் பிறவினை. மருட்கையோடு உறவுடையது என்பதால் வேரளவில் இதைவிடப் பொருத்தமான சொல் இருக்க முடியாது. அறிவைத் தடுமாறச் செய்வது என்ற பொருளும், அச்சுறுத்துவது என்ற பொருளும் அதற்கு உண்டு. ஏமாற்றி மயக்குவது என்ற சாயலும் சேர்ந்துவிட்டதால், சூழல் தெளிவாக இருக்கும்போது மட்டும் ஆள வேண்டும். ஆடம்பரத்தைக் காட்டி எளியவர்களின் கண்ணைக் கட்டும் ஒருவரைப் பற்றி எழுதும்போது ‘செல்வச் செருக்கால் மருட்டினார்’ என்பது மிக நன்றாக அமையும். ‘வெருட்டு’ என்பதில் விரட்டும் தொனி உண்டு. ஒடுங்கவைப்பதற்குப் பதில் ஓடவைக்கும்.

‘மலைத்தல்’ என்பதே நான் முதலில் பரிந்துரைக்கும் சொல். எதிரே உள்ளதன் பெருமைக்கு முன் மனம் செயலற்று நிற்பதை அது சொல்கிறது. வேலையின் அளவைப் பார்த்து மலைத்தேன் என்று எல்லோரும் சொல்வதால் பழக்கமானதும்கூட. அதோடு ஒடுங்கு, அடங்கு, பின்வாங்கு, வாயடைத்துப்போ போன்ற ஒரு வினையைச் சேர்த்துவிட்டால் முழுப்பொருளும் கிடைத்துவிடும். ‘பிரமிப்பு’ இதற்கு நெருங்கியது. ஆனால் அதில் இன்பத்தின் பங்கு மிகுதி. பிரமித்தவர் இன்னொரு முறை பார்க்க விரும்புவார். ‘திகைப்பு’ எதிர்பாராமையைச் சொல்கிறதே தவிர, எதிரே உள்ளதன் மேன்மையைச் சொல்வதில்லை.

‘பயபக்தி’ என்ற கூட்டுச்சொல்லைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அச்சமும் மதிப்பும் சம அளவில் கலந்த பெயர்ச்சொல் அது. குறை ஒன்றுதான்: பயபக்தி மனமுவந்து கொடுக்கப்படுவது, ‘ஓவர்ஆ’ பெரும்பாலும் மேலிருந்து விழுவது. தானாக முன்வந்து வணங்கியவருக்குப் பயபக்தியும், வணங்குவதைத் தவிர வேறு வழி தெரியாமல் நின்றவருக்கு மலைத்து ஒடுங்குதலும் பொருந்தும். ‘பெட்டிப் பாம்பாய் அடங்கினார்’ என்ற மரபுத்தொடரைச் சிலர் இங்கே கொண்டுவருவார்கள். முன்பு சீறிக்கொண்டிருந்தவர் அடங்கியிருந்தால் மட்டுமே அது சரி. எப்போதுமே சீறாத ஒருவரைப் பாம்பாக்குவானேன்?

ஐந்தாம் படி: வாக்கியத்தை அமைத்தல்

ஆங்கிலத்தில் இந்த வினை செயப்பாட்டு வடிவத்தில்தான் அதிகம் வருகிறது. ‘இன்னாரால் அவர் மலைக்கவைக்கப்பட்டு ஒடுக்கப்பட்டார்’ என்று அதை அப்படியே எழுதுவது தமிழை முறிப்பதாகும். அனுபவித்தவரை எழுவாயாக வைத்துத் தன்வினையில் எழுதினால் போதும்: ‘பேராசிரியரின் புலமையைக் கண்டு மலைத்துப்போன மாணவர்கள் கேட்க வந்த ஐயங்களைக் கேட்காமலே திரும்பினர்.’ இந்த வாக்கியத்தில் காரணம், உணர்ச்சி, விளைவு மூன்றும் இருக்கின்றன. பேராசிரியர்மேல் எந்தப் பழியும் விழவில்லை.

வேண்டுமென்றே செய்யப்பட்டதாக இருந்தால் மட்டும் பிறவினை வேண்டும்: ‘தூதுவர்கள் வந்த நாளில் யானைகளையும் தேர்களையும் அணிவகுக்கச் செய்து, அவர்கள் பேச்சைத் தொடங்கும் முன்பே மலைக்கவைத்து அடக்கிவிட்டான்.’ இங்கே நோக்கம் இருக்கிறது. எனவே ‘வைத்து’, ‘விட்டான்’ என்ற துணைவினைகளுக்கு வேலை இருக்கிறது. எழுதுபவர் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். நோக்கம் இருந்ததா இல்லையா என்பதை ஆங்கில வாக்கியம் மூடிவைத்திருக்கலாம். தமிழில் தன்வினையா பிறவினையா என்று தேர்ந்தெடுத்தவுடன் அது வெளிப்பட்டுவிடும் என்பதால், மூல வாக்கியத்தின் சூழலை முன்னும் பின்னும் படித்து முடிவு செய்ய வேண்டும்.

நோக்கத்தோடு செய்வதிலும் தரம் உண்டு. ‘கடிதோச்சி மெல்ல எறிக’ என்று 562ஆம் குறள் ஆள்பவருக்குச் சொல்கிறது. ஓங்கும்போது கடுமை தெரிய வேண்டும், விழும்போது மென்மை இருக்க வேண்டும். ஓங்கிய கையின் தோற்றமே பாதி வேலையை முடித்துவிடும் என்ற இந்த அறிவுரை, வெருவந்த செய்யாமை என்ற அதிகாரத்துக்குள் இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. மக்கள் வெருவும்படி நடக்காதே என்று சொல்லும் இடத்தில்தான் வள்ளுவர் இதையும் சொல்கிறார்.

ஆறாம் படி: சட்டத் தமிழுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு

சட்ட வாசகங்களை மொழிபெயர்ப்பவர்கள் மேலே சொன்ன நெகிழ்ச்சியை விட்டுவிட வேண்டும். 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் இந்தச் சொல் பல இடங்களில் வருகிறது: சட்டவிரோதக் கூட்டத்தை வரையறுக்கும் 141ஆம் பிரிவு, குடியரசுத் தலைவரையும் ஆளுநரையும் தாக்குவது பற்றிய 124ஆம் பிரிவு, அரசுக்கு எதிரான சதி பற்றிய 121ஏ பிரிவு. அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை முறையே 189, 151, 148ஆம் பிரிவுகளாகத் தொடர்கின்றன. இவ்விடங்களிலெல்லாம் ‘குற்றமுறு வன்முறையாலோ வன்முறையைக் காட்டியோ’ என்ற நிபந்தனை உடன் வருகிறது. அதாவது, வியப்பு முற்றிலும் வடிந்துபோய், வலிமையைக் காட்டிப் பணியவைப்பது என்ற பொருளே எஞ்சுகிறது. மேலும், குடியரசுத் தலைவர், ஆளுநர் போன்ற மனிதர்களோடு அரசு, நாடாளுமன்றம் போன்ற அமைப்புகளும் இங்கே செயப்படுபொருளாக வருகின்றன; ஓர் அமைப்பு மலைக்கவும் செய்யாது, வியக்கவும் செய்யாது. ஆகவே இங்கு ‘அஞ்சிப் பணியச் செய்தல்’ என்பதே பொருந்தும். குற்றமுறு மிரட்டல் என்பது வேறு குற்றம் என்பதால், ‘மிரட்டல்’ என்று எழுதி இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

ஏழாம் படி: எதிர்மறையில் எழுதுதல்

இந்தச் சொல் ‘இல்லை’ என்பதோடு சேர்ந்து வரும்போது தமிழுக்கு எந்தத் திண்டாட்டமும் இல்லை. ‘அசரவில்லை’, ‘அசராமல்’ என்ற சொற்கள் நம்மிடம் தயாராக இருக்கின்றன. ‘எதிரணியின் பெயரைக் கேட்டு அசராமல் ஆடினார்கள்’ என்பதில் அச்சமின்மை, வியப்புக்கு ஆட்படாமை இரண்டும் வந்துவிடுகின்றன. அவைக்கு முன் பேச நேர்பவர்களைப் பற்றி என்றால் ‘அவையஞ்சாமல்’ என்றே எழுதிவிடலாம். குறளின் 73ஆம் அதிகாரத்தின் பெயரே ‘அவை அஞ்சாமை’தான். அந்த அவை யாரையும் மிரட்டியதில்லை, கூடி அமர்ந்திருப்பதைத் தவிர அது வேறொன்றும் செய்ததில்லை என்பதை நினைத்தால், தொடக்கத்தில் மண்டபத்திலிருந்து தலையாட்டிவிட்டுத் திரும்பியவரின் அச்சம் எந்த வகையைச் சேர்ந்தது என்பது விளங்கிவிடும்.

புறநானூற்றின் 192ஆம் பாட்டில் கணியன் பூங்குன்றனார் ‘பெரியோரை வியத்தலும் இலமே’ என்று சொல்வதையும் இந்த வரிசையில் வைக்கலாம். ஆனால் அதை ‘அசரவில்லை’ என்று உரைத்துவிடக் கூடாது. அசராதவர் எதிரே இருப்பவரின் பெருமையால் அசைக்கப்படாமல் நிற்பவர். பூங்குன்றனார் அந்தப் பெருமையையே பேரியாற்றில் நீர்வழிப்படும் புணையோடு சேர்த்து மிதக்கவிட்டுவிடுகிறார். முன்னதற்கு ‘ஓவர்ஆ’ என்பதன் எதிர்மறை பொருந்தும். பின்னதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர் இந்தச் சொல்லின் பக்கமே போகாமல், வியத்தல் என்பதற்கு நேரான வேறொரு வினையைத் தேட வேண்டியிருக்கும்.